வெளியே நாலு டிகிரி

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் தம்பிகளுக்கும், இப்போது துணிந்து வர ஆரம்பித்திருக்கும் தங்கைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கிழவன் ஆரம்பித்துவிட்டான் என்று போனை எடுக்காதீர்கள். நான் வேகமாகச் சொல்கிறவன். சேந்தமங்கலத்தில் கார் எலெக்ட்ரிகல் பட்டறை வைத்திருந்த காலம் முழுக்க ஒரு நாள் கூட நான் உட்கார்ந்து டீ குடித்ததில்லை. ஒரு கையில் டெஸ்டரும் ஒரு கையில் டம்ளருமாக வண்டியைச் சுற்றிக்கொண்டே இருப்பேன். இப்போது சொல்லப்போகிற தப்புக்குப் பாதிக் காரணம் அந்த அவசரம். மீதிக் காரணம் என் வாய்.

ஐப்பசி மழை பிடித்திருந்த நேரம். காலையில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. ஓட்டி வந்தது செல்வி. கொல்லிமலையில் ஆலத்தூர் நாட்டுக்காரி, முப்பத்தைந்து வயதிருக்கும். வாடகை வண்டி ஓட்டிக்கொண்டிருந்த அவள் கணவருக்குக் கால் அடிபட்டு, இனி ஓட்ட முடியாது என்றானபோது, அவளே பழகி, லைசென்ஸ் எடுத்து ஓட்ட ஆரம்பித்தவள். மலையிலிருந்து நாமக்கல் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு காலையில் இறங்குவாள், மாலைக்குள் ஏறிவிடுவாள். எழுபது கொண்டை ஊசி வளைவும் அவளுக்கு அத்துப்படி. அந்த வண்டி என் பட்டறைக்குப் புதிதல்ல. ஒரு மாதத்துக்கு முன்புதான் முன் பம்பரைக் கழற்றி ரேடியேட்டர் ஃபேன் மாற்றிக் கொடுத்திருந்தேன்.

அன்று அவளோடு அவள் கணவரின் அண்ணனும் வந்திருந்தார். வண்டி அவர் பெயரில் இருந்தது. அவர் காரிலிருந்து இறங்கிய விதத்திலேயே ஏதோ பஞ்சாயத்து என்று தெரிந்தது.

"ஏனுங்கண்ணா, மேல போனா ஏசி நின்னுருதுங்க," என்றாள் செல்வி. "நின்னதும் முன் கண்ணாடி பூரா உள்பக்கமா வெள்ளையா மூடிக்குது. ரோடே தெரிய மாட்டேங்குதுங்க. நேத்து ஒரு வளைவுல கட்டச் செவுத்துல ஒரசிப்போட்டேன்."

"உள்ள ஆளுக இருந்தாங்களா?"

"மூணு பேருங்க. ஆருக்கும் அடி கிடி இல்லீங்க."

கணவரின் அண்ணன் குறுக்கே வந்தார். "ஏசி நின்னா கண்ணு தெரியாதாமா. நாங்கெல்லாம் ஏசியே இல்லாத ஜீப்புல ஏறி எறங்குலீங்களா? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

செல்வி அவர் பக்கம் திரும்பவே இல்லை. "ஏசி நிக்கறப்ப எல்லாம் டேஷ்போர்டுல வெளிய நாலு டிகிரின்னு காட்டுதுங்கண்ணா. ஒருக்கா ரெண்டுன்னு கூடக் காட்டுச்சு. எங்க மலையில அவ்ளோ குளுராதுங்க."

நான் சிரித்தேன். "மலைன்னா குளுரத்தான அம்மிணி செய்யும்?"

இந்த இடத்தில் உங்களுக்கு ஞாபகப்படுத்திவிடுகிறேன். முன் பம்பருக்குப் பின்னால் புளியங்கொட்டை அளவில் ஒரு சென்சார் தொங்கும். வெளியே எவ்வளவு சூடு, எவ்வளவு குளிர் என்று வண்டிக்குச் சொல்வது அதுதான். அதற்குப் போகும் ஒயரில் பிடிப்பு விட்டால், வண்டி வெளியே கடுங்குளிர் என்று எடுத்துக்கொள்ளும். கடுங்குளிரில் ஏசி கம்ப்ரசரை ஓட்டக் கூடாது என்று அதையும் நிறுத்திவிடும். கம்ப்ரசர் நின்றால், மழையில் கதவெல்லாம் மூடியிருக்கும்போது, உள்ளே இருப்பவர்களின் மூச்சே கண்ணாடியில் படிந்து திரை போட்டுவிடும். செல்வி சொன்னதிலேயே இது அத்தனையும் இருந்தது. நான் கேட்டது என்னவோ என் காதால்தான். புரிந்துகொண்டது வேறு ஏதோ உறுப்பால்.

ஸ்கேனரைச் சொருகினேன். எந்தப் பழுதும் காட்டவில்லை. சென்சார் வெளியே முப்பத்தொன்று என்றது. பட்டறை வாசலிலும் முப்பத்தொன்றுதான் இருந்திருக்கும். ஏசியைப் போட்டேன், பல் கூசும் குளிர். நாமக்கல் ரோட்டில் அறுபதில் ஓட்டிப் பார்த்தேன். வெண்ணெய் போல் ஓடியது. வாசலில் இன்னும் நான்கு வண்டிகள் நின்றன, எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சாவியை பானட்டின் மேல் வைத்து, என் வாழ்க்கையிலேயே மோசமான அந்த வார்த்தையைச் சொன்னேன்.

"வண்டியில ஒண்ணுமில்லீங்க."

கணவரின் அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. செல்வியைப் பார்த்தார். செல்வி சாவியை எடுக்கக் கை நீட்டினாள். அதற்குள் அவர் எடுத்துக்கொண்டார். "பின்னாடி உக்காரு," என்றார். அவள் உட்கார்ந்தாள். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. அடுத்த வண்டிக்கு அடியில் படுத்துவிட்டேன்.

மூன்று வாரம் போயிருக்கும். அந்த வெள்ளைக் கார் பட்டறையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அவரே ஓட்டிக்கொண்டு போவதைப் பார்த்தேன். சில நாட்கள் வருவதே இல்லை. பட்டறைக்கு எதிரே பஸ்ஸுக்காக மிளகு மூட்டையோடு நின்ற ஒரு மலைக்காரம்மாவிடம் செல்வியைப் பற்றிக் கேட்டேன்.

"அவளுக்குக் கண்ணு சரியில்லியாமா சாமி," என்றார் அந்த அம்மா. "மெக்கானிக்கே சொல்லிப்போட்டாராமா, வண்டியில ஒண்ணுமில்ல, ஓட்டறவகிட்டத்தான் கோளாறுன்னு. இப்ப ஊட்டோட இருக்கறா. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு நாங்கதான் பஸ்ஸுல கெடந்து அல்லாடறோம்."

"மெக்கானிக் அப்படிச் சொல்லலீங்களே!" என்றேன்.

"உனக்கெப்படித் தெரியும் சாமி?"

பட்டறைக்குள் வந்துவிட்டேன். அன்று முழுக்க ஒரு வேலையும் ஓடவில்லை. ஒரே ஹெட்லைட்டை மூன்று முறை கழற்றி மாட்டினேன். நான் பாதிதான் சொன்னேன், மீதியை அவர்கள் சேர்த்துக்கொண்டார்கள் என்று எனக்கு நானே வாதாடிப் பார்த்தேன். வாதம் நிற்கவில்லை. கார் மேல் குற்றமில்லை என்று மெக்கானிக் சொன்னால், மிச்சம் இருப்பது ஓட்டுகிறவர் ஒருவர்தானே? நான் தீர்ப்பு சொல்லியிருக்கிறேன், அதுவும் ஒரு தரப்பைக் கேட்டுச் சிரித்துவிட்டு.

மறுநாள் காலை பட்டறையைத் திறக்காமல் மலைக்குப் பஸ் ஏறினேன். அடிவாரத்தில் இத்தனை வருடம் இருந்தும், மழைக்காலத்தில் நான் மலைக்குப் போனதே இல்லை. நாலு டிகிரி என்பது மண்டையில் உட்கார்ந்திருந்ததால் கனமான ஸ்வெட்டர் ஒன்றைப் போட்டுக்கொண்டு போனேன். வாசலூர்பட்டியில் இறங்கினால் மஞ்சு மூடிக் கிடந்தது, தூறலும் இருந்தது. நூறு அடி நடப்பதற்குள் ஸ்வெட்டருக்குள் வியர்த்துக் கொட்டியது. எதிரே ஒருவர் வெறும் பனியனும் துண்டுமாக மரவள்ளிக் கட்டைத் தூக்கிக்கொண்டு போனார். என்னை ஏற இறங்கப் பார்த்து, "காய்ச்சலுங்களா?" என்று கேட்டார்.

நடுரோட்டில் நின்று ஸ்வெட்டரைக் கழற்றினேன். எங்கள் மலையில் அவ்வளவு குளிராது என்று அந்த மலையில் பிறந்தவள் சொன்னாள். டேஷ்போர்டு காட்டிய ஒரு எண்ணை நம்பி, அவளை நான் நம்பவில்லை. வெட்கத்தில் காது சுட்டது. ஒரு ஜீப்பைப் பிடித்து நேராக ஆலத்தூர் நாட்டுப் பக்கம் போனேன்.

செல்வி காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள், ஆனால் வரப்புக்கு வரவில்லை.

"வண்டிய ஒருக்கா மலையிலயே ஓட்டிப் பாக்கணும் அம்மிணி," என்றேன்.

"எதுக்குங்கண்ணா? அதுதான் பாத்துப்போட்டுச் சொல்லீட்டீங்களே."

"நான் சரியாப் பாக்குல."

குனிந்து இன்னும் இரண்டு களையைப் பிடுங்கினாள். பிறகு மண்ணைத் தட்டிவிட்டு என் முன்னால் நடந்தாள்.

கணவரின் அண்ணன் லேசில் மசியவில்லை. "நான் மூணு வாரமா ஓட்டறேன். எனக்கு ஒருக்கா கூட அப்படி ஆவுலீங்களே மேஸ்திரி."

"ஏசி போட்டீங்களா?"

"எனக்கெதுக்குங்க ஏசி? கண்ணாடிய எறக்கி உட்டுப்போட்டு ஓட்டுவேன்."

"டேஷ்போர்டுல எத்தன டிகிரி காட்டுச்சு?"

"அதயெல்லாம் ஆரு பாக்கறது?"

இதைக் குறித்துக்கொள்ளுங்கள். கோளாறு வந்தது அவள் ஓட்டியபோது. அப்படியென்றால் அவள் எப்படி ஓட்டினாளோ அப்படித்தான் ஓட்டிப் பார்க்க வேண்டும். உங்கள் வசதிக்கு அல்ல. கண்ணாடிகளை ஏற்றச் சொன்னேன், ஏசியைப் போடச் சொன்னேன், செல்வியையும் வண்டியில் ஏறச் சொன்னேன். சாவியைக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. அதனால் அவர் ஓட்ட, நான் பக்கத்தில், செல்வி பின்னால். மழை வலுத்துவிட்டது. கீழே சேந்தமங்கலம் வரை போய் வருவது என்று இறங்க ஆரம்பித்தோம்.

பத்தொன்பது டிகிரி. நான் அந்த எண்ணிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. முதல் வளைவு, பத்தொன்பது. இரண்டாவது, பத்தொன்பது. நான்காவது வளைவில் வண்டி முழுக்கத் திரும்பும்போது சட்டென்று பதினொன்று. அடுத்த வளைவில் மூன்று. கம்ப்ரசர் 'டக்' என்று விடுபட்ட சத்தம் எனக்குக் கேட்டது. அதைச் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள், மூன்று பேரின் மூச்சும் கண்ணாடியில் ஏற ஆரம்பித்துவிட்டது. கீழ் ஓரத்திலிருந்து வெள்ளை எழும்பி, அவர் துண்டை எடுத்துத் துடைப்பதற்குள் முன்னால் ஒன்றுமே இல்லாமல் போனது. துடைத்த இடம் துடைக்கத் துடைக்க மூடியது. எதிரே எங்கோ பஸ் ஹாரன்.

அவர் உறைந்துவிட்டார். கை ஸ்டியரிங்கிலேயே ஒட்டிக்கொண்டது. பிரேக்கை மிதித்த வேகத்தில் பின் சக்கரம் இழுத்தது. நான் மெக்கானிக், எனக்கு அந்த ரோடு தெரியாது.

பின்னாலிருந்து செல்வியின் குரல் வந்தது, சத்தமில்லாமல். "பிரேக்க உடுங்க மாமா. கண்ணாடிய எறக்குங்க, ரெண்டு பக்கமும். ஹாரன் அடிச்சுக்கிட்டே இருங்க. தலைய வெளிய நீட்டி மலைப்பக்கத்து ஓடையப் பாருங்க. அத ஒட்டியே போங்க. இன்னும் கொஞ்சம். அங்க எடம் இருக்கு, நிறுத்துங்க."

நின்றோம். பஸ் எங்கள் கதவை உரசாத குறையாகத் தாண்டி மேலே போனது. மழை உள்ளே அடித்து என் மடி நனைந்துகொண்டிருந்தது.

நான்தான் முதலில் இறங்கினேன். உட்கார்ந்திருக்க முடியவில்லை. முன்னால் குனிந்து, பம்பர் கிரில்லுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினேன். விரலில் முதலில் தட்டுப்பட்டது சென்சார் இல்லை. ஒரு எலுமிச்சம்பழம்.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய வேலை முடித்துக் கொடுக்கும் ஒவ்வொரு வண்டிக்கும் முன்னால் எலுமிச்சையும் மிளகாயும் கோத்துத் திருஷ்டிக் கயிறு கட்டித்தான் அனுப்புவேன். வெறும் கயிறு அறுந்துவிடுகிறது என்று, நானே யோசித்து, கிரில்லுக்குப் பின்னால் ஒரு செம்புக் கம்பி வளையம் போட்டுக் கொடுப்பேன். வெள்ளிக்கிழமைதோறும் அதில் புதுப் பழம் மாட்டிக்கொள்ளலாம். இது என் கண்டுபிடிப்பு என்று எனக்குப் பெருமை வேறு. செல்வி வண்டிக்கு ஃபேன் மாற்றிய அன்று அவசரத்தில், கைக்கு எட்டிய ஒரு கொக்கியில் அந்த வளையத்தை மாட்டியிருக்கிறேன். அது கொக்கி இல்லை. சென்சாரின் ஒயர்.

நேர் ரோட்டில் பழம் சும்மா தொங்கியிருக்கிறது. கொண்டை ஊசி வளைவில் வண்டி திரும்பும்போதெல்லாம் பழம் பக்கவாட்டில் ஆடி ஒயரைச் சுண்டியிருக்கிறது. சுண்டிச் சுண்டி, ஒயரைச் சொருகும் கப்ளருக்குள்ளிருந்து ஒரு ஊசிமுனை பாதி வெளியே வந்து நின்றது. வளையத்தைக் கழற்றி அதன் முறுக்கைப் பார்த்தேன். இடப்பக்கமாக மூன்று சுற்று. என் கை முறுக்கு எனக்குத் தெரியாதா?

"என்னாங்க மேஸ்திரி ஆச்சு?" கணவரின் அண்ணன் பின்னால் வந்து நின்றார். குரலில் அந்தப் பழைய மிடுக்கு இல்லை.

தம்பிகளா, அந்த நொடியில் எனக்கு நல்ல பதில் ஒன்று தயாராக இருந்தது. 'சென்சார் போச்சுங்க, மாத்திரலாம்.' அவ்வளவுதான். செல்வி தப்பித்துவிடுவாள், என் பெயரும் தப்பித்துவிடும். வளையம் எதில் மாட்டியிருந்தது என்று யாரும் பார்க்கவில்லை. பள்ளத்தில் வீசிவிட்டால் முடிந்தது. வீசத்தான் கையை ஓங்கினேன். அப்போது செல்வி காரை விட்டு இறங்கி நிற்பதைப் பார்த்தேன். அவள் எங்களைப் பார்க்கவில்லை. மழையில் தன் இரண்டு உள்ளங்கையையும் விரித்து, திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த வளையம் இன்னும் எத்தனை மலை வண்டிகளில் தொங்குகிறது என்பதும் அப்போதுதான் உறைத்தது.

வளையத்தை அவர் கையில் கொடுத்தேன். "இத மாட்டுனது நானுங்க. ஒயருல மாட்டிப்போட்டேன். அதுதான் இழுத்திருக்குது. அம்மிணி சொன்னது அத்தனையும் நெசம். நான் கேட்டுச் சிரிச்சேன், ஒண்ணுமில்லைன்னு அனுப்பினேன். அந்தச் செவுத்துல ஒரசுனது என்னாலங்க."

அவர் வளையத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மன்னிப்பு கேட்கிற வழக்கம் அவருக்கு இல்லை போல. வண்டிக்குள் கைவிட்டுச் சாவியை எடுத்து பானட்டின் மேல் வைத்தார். பின் கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டார்.

நான் அந்த ஊசிமுனையை உள்ளே தள்ளி, டேப் சுற்றினேன். செல்வி ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாள். கண்ணாடிகளை இறக்கியே வைத்து, மழையில் நனைந்துகொண்டு மெதுவாக இறங்கினோம். எண் மூன்றிலேயே நின்றது.

"இன்னும் மூணுதானுங்க காட்டுது," என்றார் பின்னாலிருந்து.

"இந்த வண்டியில எண்ணு எறங்கறப்ப சட்டுனு எறங்கும். எண்ணு ஏறணும்னா வண்டி கொஞ்ச நேரம் வேகமா ஓடணுங்க. நேர் ரோடு வரட்டும்," என்றேன். படித்தது ஞாபகம் இருந்தது, அதனால்தான் நேர் ரோட்டில் ஓடி அன்று பட்டறைக்கு வருவதற்குள் கோளாறு மறைந்துபோனது என்றும் புரிந்தது. ஆனால் என் வாயை நானே நம்பவில்லை. ஒரு முறை உறுதியாகச் சொல்லிக் கெடுத்தவன் நான். இருபது வளைவு, முப்பது வளைவு, மூன்று. எனக்கு ஸீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. காலால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தேன். கடைசி வளைவும் முடிந்தது, மூன்று. செல்வி கியரை மாற்றி வேகம் கூட்டினாள். ஐந்து நிமிடத்தில் எண் அசைந்தது. ஒன்பது. பதினேழு. இருபத்தாறு. 'டக்' என்றது. குளிர்ந்த காற்று எங்கள் ஈரச் சட்டையில் வந்து அடித்தது.

செல்வி வண்டியை ஓரம் கட்டினாள். அழவில்லை. நேராக ரோட்டைப் பார்த்தபடி சொன்னாள்: "மூணு வாரமா காட்டுல நின்னு நின்னு யோசிச்சேனுங்கண்ணா. எங்கண்ணுதான் போச்சோ, எங்கைதான் தப்போன்னு. அவுங்க சொன்னது கூட எனக்குப் பெரிசில்லீங்க. நானே நம்பிப்போட்டேன்."

மறுநாளிலிருந்து பத்து நாள் பட்டறையை அரை நாள்தான் திறந்தேன். மீதி நேரம் மலை ரோட்டின் அடிவாரத்தில் இடுக்கியோடு நின்று, எனக்குத் தெரிந்த வண்டியையெல்லாம் மறித்து, கிரில்லுக்குள் கைவிட்டு வளையத்தை வெட்டினேன். சிலர் சிரித்தார்கள், சிலர் சாமி காரியத்தில் கைவைக்கிறானே என்று திட்டினார்கள். இரண்டு வண்டிகளில் வளையம் ஒயரோரமாகத்தான் கிடந்தது. அன்று முதல் என் வாயில் 'ஒண்ணுமில்ல' வந்ததில்லை. எனக்கு இன்னும் பிடிபடவில்லை, அது வரும்போது எப்படி இருக்கும் என்று சொல்லுங்கள், கூட வந்து பார்க்கிறேன் என்பேன். நீங்களும் அப்படியே சொல்லுங்கள். மானம் ஒன்றும் போய்விடாது.

செல்வி பழையபடி ஓட்ட ஆரம்பித்தாள். ஆனால் அந்த வண்டி என் பட்டறைக்கு மறுபடி வரவே இல்லை. இரண்டு கடை தள்ளி வேறொருவரிடம் விட்டாள். பல மாதம் கழித்து சேந்தமங்கலம் சந்தையில் எதிரே வந்தபோது, பொறுக்கமாட்டாமல் கேட்டே விட்டேன். "எம் மேல இன்னும் கோவமா அம்மிணி?"

"ஐயோ, இல்லீங்கண்ணா," என்றாள். நிஜமாகவே பதறிப்போனாள். "நீங்க சொல்லாட்டி எங்க ஊட்ல ஆரு நம்பியிருப்பாங்க? உங்க வேலையில கொறையே இல்லீங்க. உங்க பட்டறைக்கு வண்டியத் திருப்புனா எனக்குக் கை நடுங்குதுங்க. அது நிக்க மாட்டேங்குது, அதுதானுங்க."

காரில் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த இரண்டு பேர் காத்திருந்தார்கள். அவள் ஏறி உட்கார்ந்து, பின் கதவைச் சரியாகச் சாத்தச் சொல்லிவிட்டு, வண்டியை மலைப் பக்கம் திருப்பினாள்.